இரண்டு போதை சேர்ந்தால் மூளையில் என்ன நடக்கிறது?

கேள்வி: இரண்டு போதைப்பொருள்கள் சேர்ந்தால் பாதிப்பு கூடத்தானே செய்யும்? அதற்கு எலிகளை வைத்து ஏன் ஆராய வேண்டும்?

பதில்: எல்லாச் சேர்க்கையும் வெறும் கூட்டல் அல்ல. எலியின் ஒரு கிலோ எடைக்கு ஒரு மருந்து 10 மில்லிகிராமிலும் இன்னொன்று 4 மில்லிகிராமிலும் அதிகபட்ச விளைவில் பாதியைத் தருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டல் மட்டும்தான் என்றால் 5-ஐயும் 2-ஐயும் சேர்த்தால் அதே பாதி விளைவு வர வேண்டும். 3-உம் 1-உம் சேர்ந்தே அதைத் தந்துவிட்டால் ஒன்றை ஒன்று தூக்கிவிடுகிறது. 8-உம் 3-உம் தேவைப்பட்டால் ஒன்றை ஒன்று தடுக்கிறது.

பலரும் தவறுவது இங்கேதான். ஒவ்வொரு மருந்தையும் ஒரே ஓர் அளவில் கொடுத்து, ‘தனித்தனியே 30 சதவீதம், சேர்ந்தால் 80, ஆகவே கூட்டலை மிஞ்சிவிட்டது’ என்று முடிவு கட்டுகிறார்கள். அளவுக்கும் விளைவுக்கும் உள்ள உறவு நேர்கோடு அல்ல. ஒரே மருந்தை இரட்டிப்பாக்கினாலே 30 என்பது 80 ஆகலாம்! தனித்தனியே நான்கைந்து அளவுகளில் சோதித்து வளைகோடு வரையாமல் சேர்க்கையைப் பற்றி எதுவும் சொல்லக் கூடாது.

கேள்வி: போதையின் இன்பத்தோடு தொடர்புடைய மூளை வேதிப்பொருள் டோபமைன். நடமாடும் எலியின் மூளையில் அதை எப்படி அளக்கிறார்கள்?

பதில்: மைக்ரோடயாலிசிஸ் முறையில். நுண்துளைச் சவ்வு பொருத்திய மெல்லிய குழாயை மூளையின் வெகுமதி மையமான நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் பகுதியில் இறக்கி, மூளைத் திரவத்தை ஒத்த உப்புக்கரைசலை நிமிடத்துக்கு 1 முதல் 2 மைக்ரோலிட்டர் வரை ஓடவிடுவார்கள். வெளிவரும் திரவத்தை 10 அல்லது 20 நிமிடத்துக்கு ஒருமுறை சேகரித்துப் பகுப்பாய்வு செய்வார்கள். மது, நிக்கோட்டின், கொக்கைன், மார்ஃபின் எல்லாமே அங்கே டோபமைனை உயர்த்துவதை டி கியாரா, இம்பெராட்டோ என்ற ஆய்வாளர்கள் 1988-இல் இப்படித்தான் காட்டினார்கள். வழிகள்தான் வேறு: கொக்கைன் டோபமைன் திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது; மார்ஃபின் டோபமைன் செல்களை அடக்கிவைக்கும் செல்களை அடக்குகிறது.

குழாய் இறக்கியவுடன் எடுக்கும் அளவை நம்பக் கூடாது, திசு காயப்பட்டிருக்கும். குழாயின் முனை எங்கே இருந்தது என்பதைக் கடைசியில் மூளையைச் சீவல்களாக வெட்டிப் பார்த்தே உறுதிசெய்ய வேண்டும்.

கேள்வி: எதை முதலில் கொடுக்கிறோம் என்பது முக்கியமா?

பதில்: மிக முக்கியம். 2011-இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வில் சுண்டெலிகளுக்குக் குடிநீரில் 7 நாள் நிக்கோட்டின் கொடுத்த பிறகு கொக்கைன் கொடுத்தபோது அதன் விளைவு கூடியது. வரிசையை மாற்றியபோது கூடவில்லை. குடிநீரில் கலந்ததற்கும் காரணம் உண்டு. உடலில் நிக்கோட்டின் பாதியாகக் குறைய மனிதருக்குச் சுமார் 2 மணி நேரம், எலிக்கு முக்கால் மணி, சுண்டெலிக்கோ 6, 7 நிமிடம்தான். நாளுக்கு ஓர் ஊசி போட்டால் அது புகைப்பவரின் உடல்நிலையை ஒத்திருக்காது.

கேள்வி: கொக்கைனுக்காக நெம்புகோலை அழுத்தும் எலி, மதுவும் கொடுத்த பிறகு அழுத்துவதைக் குறைத்தால் ஆசை குறைந்துவிட்டதா?

பதில்: உடனே அப்படி முடிவு கட்டாதீர்கள். நெம்புகோலை அழுத்தும்போது கொக்கைன் செல்வது கழுத்துச் சிரையில் வைத்த குழாய் வழியே; முதலில் அது அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைக்காமலிருக்க, இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் கலந்த உப்புக்கரைசலால் தினமும் அலச வேண்டும். சந்தேகம் வந்தால் சில நொடிகளில் மயக்கும் மருந்தைச் சிறிதளவு அதன் வழியே செலுத்துங்கள். எலி உடனே துவளவில்லை என்றால் அந்த எலியின் கணக்கை ஆய்வில் சேர்க்காதீர்கள்.