பள்ளி நர்ஸ் கொடுத்த சீட்டு எங்கே?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்திலிருந்து பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிள்ளையின் வயதே இல்லை. "என் மகனுக்கு ஊசி போடலாமா?" என்று ஒரே வரியில் எழுதினால் எந்த ஊசி, எந்த மகன் என்று நான் ஜோசியமா பார்ப்பது? வயது, வகுப்பு, கட்டணப் பள்ளியா கட்டணமில்லாப் பள்ளியா, இந்த மூன்றும் இல்லாத கடிதங்களில் பலவற்றை ஒதுக்கிவிட்டேன்.

மகள் ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கிறாள். பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும் மூன்று வருஷமாக என்னிடம்தான். பிள்ளைகளுக்கு அரசு தரும் கிராண்ட் பணம் அவள் கார்டில் விழுகிறது, எனக்கு வருவதில்லை. நான் கேட்க முடியுமா? (ஒரு பாட்டி, சாட்ஸ்வர்த்)

முடியும் அம்மா. சைல்ட் சப்போர்ட் கிராண்ட் பெற்றவளுக்கு அல்ல, வளர்ப்பவருக்கு. உங்கள் ஐ.டி., பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பிள்ளைகள் உங்களிடம் இருப்பதாகப் போலீஸ் ஸ்டேஷனில் எடுத்த அஃபிடவிட், அதையே சொல்லும் பிரின்சிபலின் கடிதம், இவற்றோடு, கிராண்ட் வழங்கும் அரசு நிறுவனமான சாசாவின் ஆபீசுக்குப் போங்கள். அவர்கள் விசாரித்து மகள் பேரில் இருப்பதை நிறுத்தி உங்கள் பேருக்கு மாற்றுவார்கள். பணம் விண்ணப்பித்த நாளிலிருந்துதான் கணக்கு. போன மூன்று வருஷத்துக்குக் கிடைக்காது. மகளிடம் பேசிப் பார்க்கிறேன் என்று இன்னும் ஆறு மாதம் ஓட்டாதீர்கள்.

2025 ஏப்ரல் கணக்கில் ஒரு பிள்ளைக்கு மாதம் 560 ராண்டாக இருந்தது. வருமான வரம்பு தனி ஆளுக்கு அதைப்போல் பத்து மடங்கு, தம்பதிக்கு அதில் இரட்டிப்பு. தாயும் தகப்பனும் இறந்துபோன பிள்ளை என்றால் கிராண்டில் பாதித் தொகை மேலே கூடும். 2022 ஜூனிலிருந்து இந்த ஏற்பாடு இருக்கிறது. இரண்டு இறப்புச் சான்றிதழும் வேண்டும், கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. விண்ணப்பத்துக்குக் காசு கிடையாது. ஃபார்ம் நிரப்பித் தருகிறேன் என்று வாசலில் கை நீட்டுகிறவனுக்கு ஒரு சென்ட்கூடக் கொடுக்காதீர்கள். கொடுத்த காகிதம் ஒவ்வொன்றுக்கும் நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபீஸ் பாக்கி கட்டினால்தான் ரிப்போர்ட் என்கிறார்கள். (ஃபீனிக்ஸ்)

அப்படிச் சொல்லச் சட்டத்தில் இடமில்லை. தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டத்தின் 41-வது பிரிவு ரிப்போர்ட், டிரான்ஸ்ஃபர் சான்றிதழ், விளையாட்டு, மதிய உணவுத் திட்டம் எதையும் ஃபீஸுக்காகப் பிள்ளைக்கு மறுக்கக் கூடாது என்கிறது. மறுப்பதானால் எழுத்தில் தாருங்கள் என்று கேளுங்கள். பாக்கியைப் பற்றியும் ஒரு சொல்: பிள்ளைக்குக் கிராண்ட் வந்தால் கட்டண விலக்கு தானாகவே உண்டு, ஆனால் சாசா கடிதத்தைக் காட்டாமல் பள்ளிக்கு எப்படித் தெரியும்? கிராண்ட் இல்லையா, ஆண்டுக் கட்டணத்தைப் பெற்றோரின் ஆண்டு வருமானத்தால் வகுத்துப் பாருங்கள். 80,000 வருமானத்தில் 9,000 ஃபீஸ் என்றால் 11 சதவீதம். 10-ஐத் தொட்டாலே முழு விலக்கு. அதற்குக் கீழே இருந்தால் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்துப் பகுதி விலக்கு. கவர்னிங் பாடி (பள்ளி நிர்வாகக் குழு) மறுத்தால் 30 நாளுக்குள் மாகாணக் கல்வித் துறைத் தலைவருக்கு அப்பீல்.

மகள் ஒன்றாம் வகுப்பு. மார்ச்சில் பள்ளிக்கு வந்த நர்ஸ் கண் பார்த்து ஒரு சீட்டு கொடுத்தாராம். எங்கோ வைத்துவிட்டோம். இப்போது டீச்சர், பிள்ளை பலகையைப் பார்ப்பதே இல்லை, கவனம் இல்லை என்கிறார். டியூஷன் வைக்கலாமா? (டொங்காட்)

டியூஷனா! அந்தச் சீட்டைத் தேடுங்கள்.

2012-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த பள்ளிச் சுகாதாரத் திட்டத்தில் நர்ஸ் குழு பள்ளிக்கு வந்து உயரம், எடை, கண், காது, பல் எல்லாம் பார்க்கிறது. கண், காது விஷயத்தில் பார்ப்பதோடு அதன் வேலை முடிகிறது. கண்ணாடி போடுவதோ காதில் மருந்து விடுவதோ அங்கே நடக்காது. அந்தப் பரிசோதனையால் பிள்ளைக்குக் கிடைத்த ஒரே பலன் அந்தச் சீட்டு. அது பள்ளிப் பையின் அடியில் ஆரஞ்சுத் தோலோடு மக்கிப்போனால் நர்ஸ் வராமலே இருந்திருக்கலாம். எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது, இருந்தாலும் மறுபடி எழுதுகிறேன்.

சீட்டில் 6/18 என்று இருந்தால், நல்ல கண் 18 மீட்டரிலிருந்து படிக்கும் எழுத்தை உங்கள் பிள்ளை 6 மீட்டருக்கு வந்துதான் படிக்கிறாள் என்று பொருள். மூன்றாவது பெஞ்சிலிருந்து பலகை அவளுக்கு வெறும் வெள்ளைக் கீறல். வலக்கண்ணுக்கும் இடக்கண்ணுக்கும் எண் வேறாக இருந்தால் இன்னும் அவசரம். மங்கலான கண்ணிலிருந்து வருவதை மூளை ஒதுக்கப் பழகிவிடும். ஏழெட்டு வயதுக்குள் கண்ணாடியும், நல்ல கண்ணை மூடிப் பயிற்சியும் கொடுத்தால் பெரும்பாலும் திருத்திவிடலாம். அதைத் தாண்டினால் கடினம், பிறகு கண்ணாடி போட்டாலும் அந்தக் கண் முழுதாகத் தெளியாமல் போகலாம். மார்ச்சிலிருந்து எத்தனை மாதம் போய்விட்டது என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

சீட்டு கிடைக்கவில்லையா, பள்ளி ஆபீசுக்குப் போங்கள். யாரை எங்கே அனுப்பச் சொன்னது என்ற பட்டியல் பள்ளியிலோ நர்ஸ் குழுவிடமோ இருக்கும். அதிலிருந்து மறுபடி எழுதி வாங்கலாம். வாங்கியதும் ஃபோனில் படம் எடுத்துவிடுங்கள். சீட்டு, ரோட் டு ஹெல்த் புத்தகம் (பிள்ளையின் தடுப்பூசி, வளர்ச்சிக் குறிப்புப் புத்தகம்), பிறப்புச் சான்றிதழ் நகல் மூன்றையும் எடுத்துக்கொண்டு காலையில் கிளினிக். அங்கே கட்டணம் கிடையாது. கிளினிக் ஆஸ்பத்திரிக் கண் பிரிவுக்கு எழுதும்; தேதியைக் கையில் வாங்காமல் வெளியே வராதீர்கள், "கூப்பிடுவார்கள்" என்பதை நம்பி வீடு திரும்பாதீர்கள். கண் பிரிவில் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விடுவார்கள். ஒரு நாளாவது கிட்டத்துப் பார்வை மங்கும், வெயிலில் கூசும். பரீட்சை நாளில் போகாதீர்கள், தொப்பி எடுத்துப் போங்கள். கண்ணாடி வருவதற்குள் டீச்சரிடம் சொல்லி முதல் பெஞ்சில் உட்காரவையுங்கள், அதற்கு யார் கையெழுத்தும் வேண்டாம்.

பள்ளிகளுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளையின் கையில் அந்தச் சீட்டைக் கொடுத்து அனுப்புவது என்ன யோசனை? ரிப்போர்ட் வாங்கப் பெற்றோர் வரும் நாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். ஒரு மாதம் கழித்து யார் கிளினிக் போனார்கள் என்று பட்டியலை ஒரு தடவை பாருங்கள். எத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்ற எண்ணிக்கையைச் சொல்லி எல்லோரும் மார்தட்டுகிறார்கள். எத்தனை பேருக்குக் கண்ணாடி வந்தது என்று கேட்டால் அறையில் சத்தமே இல்லை.

ஐந்தாம் வகுப்பு மகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் ஊசி என்று ஃபார்ம் வந்திருக்கிறது. பிற்காலத்தில் பிள்ளை பெறமாட்டாள் என்கிறார்களே? (ஐசிப்பிங்கோ)

பொய். 2014-லிருந்து இந்நாட்டுப் பள்ளிகளில் போடுகிறார்கள். கிருமி உடம்பில் புகுவதற்கு முன்பே போட்டால்தான் முழுப் பலன், அதனால்தான் 9 வயதிலிருந்தே போடுகிறார்கள். ஃபார்மை வெறுமனே திருப்பி அனுப்பினால் "வேண்டாம்" என்றே கொள்வார்கள். பாட்டி வளர்க்கும் பிள்ளைக்குப் பாட்டி கையெழுத்தே போதும்.

மகனுக்கு 8 வயது, இரண்டாம் வகுப்பு, ஆஸ்துமா. பம்பு (இன்ஹேலர்) அடித்தும் இருமல் நிற்கவில்லை. கிளினிக்கில் ஸ்பேசர் தீர்ந்துவிட்டதாம். (மெரிபேங்க்)

வயது, வகுப்பு, ஊர் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், நன்றி. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் நிழலில் வளர்ந்த ஊர் உங்களுடையது. முன்பு அங்கே ஒரு தொடக்கப்பள்ளியில் ஆராய்ந்தபோது ஏறக்குறையப் பாதிப் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா அறிகுறி இருந்தது.

பம்புக்கும் வாய்க்கும் நடுவே வைக்கும் குழல்தான் ஸ்பேசர். அது இல்லாமல் அடித்தால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையில் ஒட்டிவிடும். அதற்குப் பதில் 500 மில்லி குளிர்பான பாட்டில் ஒன்று போதும். கேப் டவுனில் குழந்தை மருத்துவர் ஹெதர் ஸார் குழுவினர் 1999-லேயே இது கடை ஸ்பேசருக்கு ஈடாக வேலை செய்வதைக் காட்டிவிட்டார்கள். பாட்டிலின் அடியில், பம்பின் வாய் அளவுக்கு வளைத்த கம்பியைச் சூடாக்கி அழுத்தி ஓட்டை போடுங்கள். கத்தியால் வெட்டினால் ஓட்டை பெரிதாகி மருந்து பக்கவாட்டில் போய்விடும். பம்பைச் செருகிச் சுற்றிலும் பசையோ டேப்போ போட்டு அடையுங்கள். பிள்ளை பாட்டிலின் வாயை உதட்டால் கவ்வ வேண்டும். பம்பைக் குலுக்கி ஒரே ஒரு அடி, பிறகு 6 முதல் 10 சாதாரண மூச்சு. அரை நிமிடம் விட்டு, மறுபடி குலுக்கி, அடுத்த அடி. அவசரத்தில் நாலு அடி ஒன்றாக அடிப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. துளிகள் மோதிக்கொண்டு பாட்டிலிலேயே படிந்துவிடும். வாரம் ஒரு முறை பாத்திர சோப்புத் தண்ணீரில் முக்கி அப்படியே வடியவிடுங்கள். துணியால் தேய்த்துத் துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் வந்து மருந்தை இழுத்துக்கொள்ளும்.

இருமல் நிற்காததற்கு இன்னொரு காரணம், திணறலை உடனே தணிக்கும் நீலப் பம்பு மட்டும் அடிப்பது. திணறல் வராமல் தடுக்கும் பிரவுன் பம்பு கொடுத்திருந்தால் இருமல் இல்லாத நாளிலும் அடிக்க வேண்டும், அடித்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும். நீலப் பம்பு வகுப்பு டீச்சரிடம் இருக்கட்டும். ஆபீசில் பூட்டி வைத்த பம்பு மூச்சுத்திணறலுக்கு உதவாது.

பள்ளியில் சாப்பாடு சிலருக்கு மட்டும் தருகிறார்கள், ஏன்? புரட்டாசியில் மீன் தருகிறார்களே? (வெருலம்)

பள்ளிகளை வறுமையைப் பார்த்து ஐந்து குவின்டைலாகப் பிரித்திருக்கிறார்கள், 1 மிக ஏழை. குவின்டைல் 1 முதல் 3 வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. 4, 5 என்றால் தேர்ந்தெடுத்த பிள்ளைகளுக்கு மட்டும், அதுவும் ஏற்பாடு இருக்கும் பள்ளியில். வீட்டு நிலைமையைப் பிரின்சிபலுக்கு எழுத்தில் கொடுங்கள். வெட்கப்பட்டு வாய் திறக்காத வீட்டுப் பிள்ளைதான் காலி வயிற்றோடு உட்காருகிறது. பில்ச்சர்ட் (டின் மீன்) நாளில் காய்கறியும் பாப்பும் (சோளமாவுக் களி) மட்டும் வாங்கிக்கொள்ளச் சொல்லி, வீட்டிலிருந்து பீன்ஸ் கறியோ பீனட் பட்டர் ரொட்டியோ கொடுத்து அனுப்புங்கள். சாம்ப்-பீன்ஸ் (இடித்த சோளமும் பீன்ஸும்), சோயா மின்ஸ் நாட்களில் கவலையே இல்லை. இன்சுலின் போடும் பிள்ளையையும் டி.பி. மாத்திரை சாப்பிடும் பிள்ளையையும் முழு விரதம் இருக்க விடாதீர்கள்.

எங்களைக் கேட்காமல் மகனுக்குப் பள்ளியில் சிறுநீர்ப் பரிசோதனை. சுகர்ஸ் என்ற போதைப்பொருள் என்று வந்திருக்கிறது. போலீஸ் கேஸ் ஆகுமா? அறையில் பூட்டிவைத்து நிறுத்திவிடலாம் என்கிறார் அவன் தாத்தா. (சாட்ஸ்வர்த்)

நியாயமான சந்தேகம் இருந்தால் பள்ளி பரிசோதிக்கலாம். ஒரு வேலைநாளுக்குள் உங்களுக்குச் சொல்ல வேண்டும். அந்த முடிவை வைத்துப் பள்ளி கிரிமினல் கேஸ் போட முடியாது. தாத்தாவின் வைத்தியம் வேண்டாம். சுகர்ஸில் இருப்பது ஹெராயின். நிறுத்தினால் வயிற்றுப் பிடிப்பு, வாந்தி, வியர்வை, தூக்கமின்மை. தண்ணீர்ச் சத்து இறங்கிவிடும். பத்து நாள் பூட்டி வைத்து வெளியே விட்டால் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும், பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். கிளினிக்கில் சோஷியல் வொர்க்கரைப் பாருங்கள், ஆஸ்பத்திரிக்கு எழுதி வாங்குங்கள். எழுதியதைப் படம் எடுத்து வையுங்கள்.

சிரங்கு லோஷன் இரண்டு தடவை போட்டும் அரிப்பு போகவில்லை. இன்னும் எத்தனை தடவை? (பெயர், ஊர், வயது எதுவும் இல்லை)

வீட்டில் எல்லோரும் ஒரே இரவில், கழுத்திலிருந்து கால் விரல் இடுக்குவரை தடவினீர்களா? படுக்கையையும் உடுப்பையும் மறுநாள் வெந்நீரில் துவைத்தீர்களா? பிள்ளைக்கு மட்டும் தடவியிருந்தால் தங்கையிடமிருந்து திரும்ப ஒட்டியிருக்கும். எல்லாம் சரியாகச் செய்திருந்தால் பூச்சி செத்தபிறகும் இரண்டு மூன்று வாரம் அரிக்கும். அதற்காக லோஷனை மறுபடி மறுபடி தடவினால் தோல் வெந்துபோகும். புதுக் கொப்புளம் வந்தால் மட்டும் கிளினிக்.