காயாவுக்குக் குழி எவ்வளவு ஆழம்?

அன்புள்ள அண்ணாச்சி,

களக்காட்டுப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு புதர் கிளை தெரியாமல் நீலமாகப் பூத்திருந்தது. காயா என்றார்கள். பழம்பாடல்களில் வரும் காயா இதுதானா? நர்சரிகளில் கேட்டேன், இல்லை. மழைக்கு முன்னால் இரண்டு செடியை வேரோடு எடுத்து வீட்டு முன்னால் வைக்கலாமா? எவ்வளவு ஆழம் தோண்ட வேண்டும்?

வாசகர், வள்ளியூர்

அன்புள்ள தம்பி,

இதுதான் அது என்றே சொல்கிறார்கள், அதை விடுங்கள். அந்த நீலத்தைக் கண்டு நின்றீர்களே, அது போதும் எனக்கு. ஆனால் மண்வெட்டியைக் கீழே வையுங்கள். களக்காடும் முண்டந்துறையும் சேர்ந்து 1988 முதல் புலிகள் காப்பகம்; அங்கே செடி பிடுங்குவது குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அந்தச் செடி பிழைக்காது. ஆணிவேர் பாறை இடுக்குக்குள் இறங்கியிருக்கும். நீங்கள் அறுத்தெடுப்பது மேல்வேரை மட்டும். மழை இருக்கும்வரை பச்சையாக நிற்கும், பங்குனி வெயிலில் கருகும். தோண்டிய குழியில் சீமைக்கருவேலம் முளைக்கும்.

மரம் உயரமாக நின்றால்தான் காடு என்று யார் சொன்னது? காரை, களா, சூரை, காயா என்று இடுப்புயரத்துக்கு மண்டிக்கிடக்கும் நிலத்தைப் பொட்டல் என்று எழுதிவைத்து, ஜேசிபியால் வழித்து, அதே இடத்தில் மரக்கன்று நட்டுப் படம் எடுக்கிறார்கள். ஆடு மேய்ப்பவருக்கும் கொண்டைக்குருவிக்கும் தெரியும், அது பொட்டல் இல்லை என்று. காயா இலையில் அலுமினியம் சேர்ந்திருக்கும். அலுமினியம் சாயத்தைத் துணியோடு பிடித்துவைக்கும். அதனால்தான் சாயவேர்ச் செடியின் வேரிலிருந்து எடுக்கும் சிவப்பு துணியில் நிற்க, சாயக்காரர்கள் காசா இலை என்று இதைத் தேடினார்கள். வழித்துப் போட்டவர்களுக்கு இது வெறும் முள்ளுக்காடு.

வேண்டுமென்றால் பழத்திலிருந்து வளருங்கள். காப்பகத்துக்கு வெளியே, தோட்ட வேலியோரம் நிற்கும் செடியில், உரியவரைக் கேட்டு, கறுத்து மெத்தென்றான பழம் பத்து பறித்தால் போதும். ஒரு பழத்துக்கு ஒரு விதைதான். சதையைத் தண்ணீரில் தேய்த்து நீக்குங்கள். ஒட்டியிருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். காயவைத்து எடுத்துவைக்காதீர்கள், அன்றைக்கே ஊன்றுங்கள். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, இலைமக்கு ஒன்று. நாற்றுப் பை ஓரடி நீளம் வேண்டும், குட்டைப் பையில் ஆணிவேர் சுருண்டுவிடும். நிழலில் வையுங்கள். முளைப்பும் மெதுவு, வளர்ச்சியும் மெதுவு.

ஐப்பசி மழை பிடித்ததும் ஒன்றரை அடிக் குழியில் நடுங்கள். தண்ணீர் தேங்கக் கூடாது. யூரியா வேண்டாம். அழகுக்காகக் கத்தரிக்கவும் வேண்டாம்: இலை உதிர்ந்த பழைய கணுக்களில்தான் பூ கொத்துக்கொத்தாக வரும்.