ஆயிரம் பவுண் என்று யார் சொன்னது?

வாசகர் கேள்வி பதில்

போன இதழில், வேலைத்தலம் மூலம் வரிச் சலுகையோடு சைக்கிள் எடுக்கிற ‘சைக்கிள் டு வேர்க்’ திட்டம் பற்றி இரண்டே வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களுக்கே இந்த மாதப் பக்கம் முழுவதையும் கொடுத்துவிட்டேன். லண்டனில் ஒரு மருத்துவமனையின் சம்பளப் பிரிவில் 17 வருடம் இருந்தவள் நான். இந்தப் படிவங்கள் என் மேசையைத் தாண்டித்தான் போகும். எங்கே காசு மிஞ்சும், எங்கே கைவிட்டுப் போகும் என்று பார்த்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

அக்கா, நான் தாதியாக வேலை செய்கிறேன். வேலைக்கு ஐந்து மைல், நடுவில் நல்ல ஏற்றம். 2,400 பவுணுக்கு ஒரு பற்றறி சைக்கிள் பார்த்து வைத்திருக்கிறேன். எச்.ஆரில் (ஆளணிப் பிரிவில்) கேட்டால் “அரசாங்க எல்லை ஆயிரம் பவுண்தான், அதற்கு மேல் சட்டம் இடம் தராது” என்கிறார்கள். உண்மையா? – வாசகி, ஹரோ

இல்லை, தங்கச்சி. வரிச் சட்டத்தில் அப்படி ஓர் எல்லை ஒருநாளும் இருந்ததில்லை.

திட்டம் இதுதான். வேலை தருகிறவர் சைக்கிளை வாங்கி உங்களுக்கு வாடகைக்குத் தருகிறார். வாடகையை, வரி பார்க்கும் முன்பே சம்பளத்தில் கழிக்கிறார். கழித்த தொகைக்கு வருமான வரியும் இல்லை, நேஷனல் இன்சூரன்ஸ் என்ற சமூகக் காப்புறுதிக் கட்டணமும் இல்லை. 1999ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இதற்கு வழி திறந்தது. சைக்கிள் என்ன விலையாக இருக்க வேண்டும் என்று அதில் ஒரு சொல்லும் கிடையாது.

ஆயிரம் பவுண் வேறு வாசலால் வந்தது. ஒருவருக்குப் பொருளை வாடகைக்குக் கொடுத்து மாதாமாதம் காசு வாங்கினால் அது 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்துக்குள் போய்விடும். அதற்கு அனுமதி வேண்டும். ஒவ்வொரு கடையும் பள்ளிக்கூடமும் தனித்தனியே அனுமதிக்கு அலையாமல் இருக்க, எல்லா வேலைத்தலங்களுக்கும் சேர்த்து ஒரு பொது அனுமதி கொடுத்தார்கள். அந்த அனுமதி ஆயிரம் பவுண் வரையான ஒப்பந்தங்களுக்குத்தான். வருடக்கணக்காக அதையே சொல்லிச் சொல்லி அது “அரசாங்க எல்லை” ஆகிவிட்டது.

2019 ஜூனில் போக்குவரத்துத் திணைக்களம் புது வழிகாட்டலில் இதைத் தெளிவாக்கியது. உங்கள் வேலைத்தலத்துக்கோ, அவர்களுக்காகத் திட்டத்தை நடத்தும் கம்பெனிக்கோ எஃப்.சி.ஏ என்ற நிதி ஒழுங்கு அமைப்பின் அனுமதி இருந்தால் ஆயிரத்துக்கு மேலும் கொடுக்கலாம். பற்றறி சைக்கிளும், பிள்ளைகளை முன்பெட்டியில் ஏற்றிப் போகிற கார்கோ சைக்கிளும் ஆயிரத்துக்குள் அடங்காதே. அவற்றை மனதில் வைத்துத்தான் செய்தார்கள். ஆகவே இப்போதுள்ள எல்லை வேலைத்தலம் தானாக வைத்துக்கொள்வது. எச்.ஆருக்கு இப்படி எழுதிக் கேளுங்கள்: “எங்கள் திட்டத்தை நடத்துவது யார்? அவர்களுக்கு எஃப்.சி.ஏ அனுமதி இருக்கிறதா? ஆயிரம் பவுண் எல்லை எங்கள் நிர்வாகம் வைத்ததா?” வாயால் கேட்டால் பழைய பதில்தான் வரும். இன்னொன்றையும் சேர்த்து எழுதலாம்: சம்பளத்தில் கழிபடும் தொகைக்கு வேலைத்தலம் கட்ட வேண்டிய 15 வீத நேஷனல் இன்சூரன்ஸும் இல்லாமல் போகிறது. உங்கள் 2,400 பவுணில் அவர்களுக்கே 360 பவுண் மிச்சம்.

இனி உங்கள் கணக்கு. 12 மாதம் என்றால் மாதம் 200 பவுண் கழிப்பார்கள். நீங்கள் 20 வீத வரிக்காரர். நேஷனல் இன்சூரன்ஸ் 8 வீதம். கையில் குறைவது 144 பவுண்தான். வருட முடிவில் 672 பவுண் மிச்சம். இதைத்தான் விளம்பரங்களில் பெரிதாகப் போடுவார்கள்.

ஆனால் வருடம் முடிந்தாலும் சைக்கிள் உங்களுடையது இல்லை. அது இன்னும் வாடகைப் பொருள். சொந்தமாக்க வேண்டுமென்றால் அன்றைய சந்தை விலையைக் கொடுக்க வேண்டும். வரித் திணைக்களம் அதற்கு ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. 500 பவுணுக்கு மேற்பட்ட சைக்கிளுக்கு ஒரு வருடத்தின் பின் 25 வீதம். 2,400க்கு 600 பவுண்! 672 மிச்சம் பிடித்து 600ஐத் திருப்பிக் கொடுத்தால் கையில் நிற்பது 72 பவுண்.

இதில் நானே அடி வாங்கியவள். 2014இல் 600 பவுண் சைக்கிள் ஒன்று எடுத்தேன். வாடகை முடிகிற கடிதம் மின்னஞ்சலில் வந்தபோது நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போயிருந்தேன். மூன்று தெரிவு, பதினான்கு நாள் தவணை. திரும்பி வந்து அதைத் திறந்தபோது தவணை முடிந்து நாலு நாள். அடுத்த பே ஸ்லிப்பில் ‘சைக்கிள் – இறுதி’ என்று ஒரு வரி, எதிரே 150 பவுண், அதே 25 வீதம். அன்றைய கணக்கில் நான் மிச்சம் பிடித்தது 192 பவுண். மற்றவர்களின் பே ஸ்லிப்பைச் சரிபார்க்கிற எனக்கே இது நடந்தது என்று அன்றிரவு நித்திரை வரவில்லை.

அந்தக் கடிதத்தில் நான் தெரிவு செய்திருக்க வேண்டியது வாடகைக் காலத்தை நீட்டுவதை. பெரும்பாலான கம்பெனிகள் சிறு வைப்புத் தொகையை வாங்கிக்கொண்டு இன்னும் மூன்று வருடம் சைக்கிளை உங்களிடமே விடுவார்கள். மாத வாடகை இல்லை. நாலு வருடம் ஆனபின் அட்டவணைப்படி பெறுமதி 7 வீதம்தான். வைப்புத் தொகையும் அதே 7 வீதம் என்றால் உங்களுக்கு 168 பவுண். அதோடு விஷயம் முடிந்துவிடும். 504 பவுண் உங்கள் கையில் நிற்கும். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கும் முன்பே “கடைசியில் என்ன தெரிவு, எத்தனை வீதம்” என்று கேளுங்கள். அந்தக் கடிதம் வருகிற மாதத்தைக் கலண்டரில் சிவப்பு மையால் குறித்து வையுங்கள்.

தாதி என்றபடியால் இன்னும் இரண்டு விஷயம். கழிக்கிற தொகை உங்கள் ஓய்வூதியக் கணக்கிலும் சம்பளமாகச் சேராது. என்.எச்.எஸ் என்ற அரச மருத்துவ சேவையின் 2015 ஓய்வூதியத் திட்டத்தில் வருடச் சம்பளத்தின் 54இல் ஒரு பங்கு ஓய்வூதியமாக ஏறும். 2,400 குறைந்தால், பிற்காலத்தில் வருடத்துக்கு ஏறத்தாழ 44 பவுண் குறையும். பெரிய தொகை இல்லை, ஆனாலும் தெரிந்து செய்யுங்கள். பிள்ளைத்தாய்ச்சியாகும் எண்ணம் இருந்தால் இந்த வருடம் தள்ளிப் போடுங்கள். பிரசவ விடுப்புக் கொடுப்பனவு கழித்த சம்பளத்தை வைத்துத்தான் கணிக்கப்படும்.

களஞ்சியத்தில் இரவு வேலை. இரண்டு பஸ் மாறிப் போகிறேன். சைக்கிளுக்கு விண்ணப்பித்தேன், “உன் சம்பளத்துக்குத் தர முடியாது” என்றுவிட்டார்கள். 600 பவுண் சைக்கிள்தான் கேட்டேன். இது என்ன நியாயம்? – வாசகர், ஈஸ்ட் ஹாம்

தம்பி, சட்டப்படி அவர்கள் சொன்னது சரி. ஆனால் நீங்கள் கேட்கிற நியாயமும் சரி. இந்தத் திட்டத்தின் உண்மையான எல்லை ஆயிரம் பவுண் இல்லை, இதுதான். சம்பளத்தை விட்டுக்கொடுக்கிற எந்த ஏற்பாடும் ஒருவரின் ஊதியத்தை ஆகக்குறைந்த சம்பளத்துக்குக் கீழே இறக்கக்கூடாது. அந்த மட்டத்தில் நிற்பவரிடம் விட்டுக்கொடுக்க ஒரு பென்சும் இல்லை. 40 வீத வரி கட்டுகிற மேலாளர் 3,000 பவுண் சைக்கிளில், நேஷனல் இன்சூரன்ஸும் சேர்த்து, 42 வீதம் மிச்சம் பிடிக்கலாம். பஸ் காசை எண்ணிப் பார்க்கிறவருக்குக் கதவு பூட்டு. இந்தக் காரணம் போட்டுத் திரும்பிய விண்ணப்பங்களை என் கையாலேயே உறையில் வைத்திருக்கிறேன். துப்புரவு வேலை செய்கிறவர்கள், சமையலறையில் நிற்கிறவர்கள். சைக்கிள் அவசியமாகத் தேவைப்பட்டவர்களே அவர்கள்தான்.

உங்கள் மணிச் சம்பளத்தை முதலில் பாருங்கள். 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 2026 ஏப்ரலில் இருந்து ஆகக்குறைந்தது 12.71 பவுண். 13.10 வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். வித்தியாசம் 39 பென்ஸ். வாரம் 40 மணி என்றால் வருடத்துக்கு 811 பவுண் வரை கழிக்க இடம் உண்டு. 600 பவுண் சைக்கிள் தாராளமாக அடங்கும். 12.71தான் என்றால் இந்த வழி இல்லை.

வேறு வழி உண்டு. சம்பளத்தில் கை வைக்காமலே வேலைத்தலம் சைக்கிளை வாங்கி இலவசமாகப் பாவிக்கத் தரலாம். எல்லா ஊழியருக்கும் அந்த வசதி திறந்திருந்தால் 2003ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 244ஆம் பிரிவு அதற்கும் வரி விலக்குத் தருகிறது. இரண்டாவது, வட்டியில்லாக் கடன். வரி மிச்சம் கிடைக்காது, ஆனால் கடனுக்குத் திருப்பிக் கழிக்கிற காசு ஆகக்குறைந்த சம்பளக் கணக்கைத் தொடாது. என் அப்பா தபால் கந்தோரில் வேலை செய்தபோது றலி சைக்கிள் வாங்கியது இப்படித்தான், சம்பளத்தில் மாதாமாதம் கழித்து. நாலு பேராகச் சேர்ந்து கையெழுத்து வைத்துக் கேளுங்கள். யூனியன் இருந்தால் அவர்கள் மூலம் கேளுங்கள்.

டூட்டிங்கில் சொந்தக் கடை. எனக்கும் இந்தச் சலுகை கிடைக்குமா? – வாசகர்

உங்கள் பெயரில் தனியாள் வியாபாரம் என்றால் கிடைக்காது, இது சம்பளக்காரருக்கு. லிமிடட் கம்பெனி வைத்து அதில் சம்பளம் எடுக்கிறீர்கள் என்றால் வழி உண்டு, கணக்காளரைக் கேளுங்கள்.

டன்டாக்கில் இருக்கிறோம். நியூரியில் இருக்கும் தம்பி 2,000 பவுணுக்கு எடுத்திருக்கிறான். எங்கள் வேலையிடத்தில் 1,500 யூரோவுக்கு மேல் தரவில்லை. ஏன்? – வாசகி, அயர்லாந்து

பத்துப் பன்னிரண்டு மைல் தூரம்தான் என்றாலும் நடுவில் எல்லைக்கோடு இருக்கிறதே. நியூரி வட அயர்லாந்தில் இருப்பதால் தம்பிக்குப் பிரித்தானியச் சட்டம், உங்களுக்கு அயர்லாந்துச் சட்டம். உங்கள் பக்கம் எல்லை சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. 2009இல் தொடங்கியபோது 1,000 யூரோ, ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை. 2020 ஓகஸ்டில் சாதாரண சைக்கிளுக்கு 1,250, பற்றறி சைக்கிளுக்கு 1,500 ஆக்கி, நாலு வருடத்துக்கு ஒரு தடவை என்று குறைத்தார்கள். 2023இல் இருந்து கார்கோ சைக்கிளுக்கு 3,000. ஹெல்மெட், பூட்டு, லைற் எல்லாம் அந்தத் தொகைக்குள்தான். புதுச் சைக்கிளாக இருக்க வேண்டும்; வேலைத்தலமே கடைக்குக் காசு கட்ட வேண்டும். நீங்கள் வாங்கிவிட்டுப் பில்லைக் கொடுத்தால் சலுகை போய்விடும்.

நாலாவது மாதமே ஸ்டேஷன் வாசலில் சைக்கிளைத் திருடிவிட்டார்கள். இன்னும் சம்பளத்தில் கழிக்கிறார்கள்! – வாசகர், குரொய்டன்

வயிறு எரிகிறது, ஆனால் கழிக்கத்தான் செய்வார்கள். ஒப்பந்தம் வாடகைக்கு, பொருள் தொலைந்தாலும் வாடகை நிற்காது. பொலிசில் முறையிட்டு முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள், அன்றைக்கே எச்.ஆருக்கும் எழுதுங்கள். வீட்டுக் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து “வீட்டுக்கு வெளியே” என்ற பகுதியையும், ஒரு பொருளுக்கு எவ்வளவு வரை என்பதையும் பாருங்கள். பலருக்கு அது சைக்கிள் விலைக்குக் கீழேதான் நிற்கும்.

இனி எடுக்கப் போகிறவர்களுக்கு: திட்டத்திலேயே நல்ல பூட்டு இரண்டு சேர்த்து எடுங்கள், அதற்கும் வரி இல்லை. சைக்கிள் வந்த அன்றே அதைக் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். பெடல் தண்டு போகிற இடத்தில், பிரேமின் அடியில், இலக்கம் அடித்திருக்கும். அழுக்கு ஏறினால் தெரியாது, துணியால் துடைத்துப் படம் எடுங்கள். எங்கள் அப்பா தன் றலியின் இலக்கத்தை அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் நீலப் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். சைக்கிள் போய் எத்தனையோ வருடம், அந்த இலக்கம் இன்னும் கதவில் இருக்கிறது.