இண்டியன் ஹெட்: ஒரு கோதுமை ஊர் (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலைக்காகக் கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில், ரெஜைனாவில் குடியிருக்கிறேன். வின்னிபெக் போகும்போதெல்லாம் இண்டியன் ஹெட் என்ற சின்ன ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். சுற்றிலும் தட்டையான வயல், ஒரு ரயில் பாதை, எலிவேட்டர் என்று சொல்லும் உயரமான தானியக் கிடங்கு, கடைத்தெருவில் பழைய கட்டடங்கள். சஸ்காட்செவன் முழுக்க ஊர்கள் இப்படித்தான், ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரி. விவசாயம் பற்றித் தொடர்ந்து எழுதுகிறீர்கள் என்பதால் கேட்கிறேன், வரலாறு என்று சொல்ல இந்த ஊர்களுக்கு ஏதாவது இருக்கிறதா?

ஒரு வாசகர், ரெஜைனா

அன்புள்ள நண்பருக்கு,

நிறைய இருக்கிறது. அதுவும் நீங்கள் சொன்ன இண்டியன் ஹெட்டிலேயே.

ஊர்கள் ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணம், அவற்றில் பெரும்பாலானவற்றின் இடத்தை ரயில் கம்பெனிதான் முடிவு செய்தது. கோதுமை ஏற்றிய குதிரை வண்டி ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரத்துக்கு ஒரு நிலையம், நிலையத்தைச் சுற்றி ஓர் ஊர். 1882-ல் கனடியன் பசிபிக் ரயில்வே இந்தப் பக்கம் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் இங்கே யாரும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். க்ரீ, சோட்டோ, அசினிபாய்ன் என்ற பூர்வகுடி மக்களோடு 1874-ல் பக்கத்துக் க்வாப்பெல் பள்ளத்தாக்கில் அரசாங்கத்தின் நான்காம் நில ஒப்பந்தம் கையெழுத்தானது. பைசன் என்ற காட்டெருமை மந்தைகள் அழிந்து பட்டினி வந்தபோது, மேற்கே உள்ள சைப்ரஸ் குன்றுகளில் இருக்க விரும்பிய அசினிபாய்ன் மக்களை அரசாங்கம் உணவு தர மறுத்தே இடம்பெயர வைத்தது. கேரி த கெட்டில் என்ற தலைவரின் பெயரில் அவர்களுடைய ஒதுக்கீட்டு நிலம் இன்றும் இந்த ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கோதுமைக் கதையை இதைச் சொல்லாமல் தொடங்குவது சரியில்லை.

அதே 1882-ல் மேஜர் பெல் என்பவர் கம்பெனி வைத்து ஐம்பதாயிரம் ஏக்கருக்கும் மேல் வளைத்துப் போட்டு ஒரே பண்ணையாக நடத்தப் பார்த்தார், பத்து வருடம்கூடத் தாங்கவில்லை. அவர் கட்டிய வட்டமான கல் லாயம் இடிந்துபோய், இப்போது பழைய கற்களைக் கொண்டே திரும்ப எழுப்பியிருக்கிறார்கள்.

நிலைத்தது வேறொன்று. 1885-ல் மெட்டி மக்களின் (பூர்வகுடியும் ஐரோப்பியரும் கலந்த வழியினர்) எழுச்சியை அடக்க வந்த படைக்குச் சாமான் இழுக்க இந்த வட்டாரத்துக் குதிரைகள் போய்விட்டதால் பல வயல்கள் விதைக்காமல் கிடந்தன. ஆங்கஸ் மக்கே என்ற விவசாயியும் அப்படி நிலத்தைத் தரிசாகப் போட்டார். அடுத்த வருடம் கடும் வறட்சி, எங்கும் பயிர் காய்ந்தது, முந்தின வருடம் தரிசாகக் கிடந்து ஈரம் சேர்த்த மண்ணில் மட்டும் கோதுமை விளைந்தது. பிறகு இங்கே தொடங்கிய அரசு ஆராய்ச்சிப் பண்ணைக்கு மக்கேதான் முதல் பொறுப்பாளர். இப்படி ஒரு பருவம் நிலத்தை விதைக்காமல் போட்டு ஈரம் சேர்க்கும் கோடைத் தரிசு முறை, கனடாவின் புல்வெளி மாகாணங்கள் முழுக்கப் பரவியது இங்கிருந்துதான்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது 1901. அந்த வருடம் அமோக விளைச்சல், ஏற்றிச் செல்ல ரயில் பெட்டி கிடைக்கவில்லை. எலிவேட்டர் கம்பெனிக்காரர்கள் எடையில் குறைப்பார்கள், தூசி தும்பு என்று கழிப்பார்கள், தரத்தை இறக்கிப் போடுவார்கள். வேண்டாம், நானே நேராகப் பெட்டியில் ஏற்றி அனுப்பிக்கொள்கிறேன் என்று விவசாயி சொன்னால் பெட்டி கம்பெனிக்காரர்களுக்குத்தான் முதலில் போகும். இத்தனைக்கும் விவசாயி நேரடியாக ஏற்றலாம் என்று 1900-ல் சட்டமே வந்திருந்தது. டிசம்பர் 18, 1901 அன்று, கடும் குளிர்காலத்தில், மதர்வெல் என்ற பக்கத்து ஊர் விவசாயியும் நண்பர்களும் அழைத்த கூட்டம் இண்டியன் ஹெட்டில் கூடியது, தானியம் விளைவிப்போர் சங்கம் பிறந்தது. சட்டத்தைத் திருத்த வைத்தார்கள்: யார் முதலில் பதிவு செய்கிறார்களோ அவர்களுக்கே முதல் பெட்டி. அப்படியும் நடக்கவில்லை என்றதும் 1902-ல் அடுத்த ஊரான சிண்டலூட்டாவின் நிலைய அதிகாரியைக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள், அபராதம் 50 டாலர், மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நின்றது. நாட்டிலேயே பெரிய ரயில் கம்பெனியை அதன் தயவில் பிழைத்த ஊர்க்காரர்கள் ஜெயித்திருக்கிறார்கள்! அதற்கப்புறம் 1906-ல் விவசாயிகளே தானியம் விற்கும் கம்பெனி தொடங்கியபோதும் முன்னால் நின்றவர் சிண்டலூட்டாவின் பார்ட்ரிஜ்தான்.

கோடைத் தரிசுக்கும் ஒரு பின்கதை உண்டு. வெறுமையாகக் கிடந்த மண் 1930-களின் வறட்சியில் காற்றோடு பறந்தது. அதன் தீமையைப் புரிந்துகொண்டு, உழாமல் நேராக விதைக்கும் கருவியை 1980-களில் உருவாக்கியவர்களில் ஒருவரும் இதே இண்டியன் ஹெட் விவசாயிதான். 1970-களில் சஸ்காட்செவன் பல்கலைக்கழகம் இங்குள்ள தட்பவெப்பத்துக்கு ஏற்ற மசூர்ப் பருப்பு (மைசூர்ப் பருப்பு) ரகங்களை உருவாக்கத் தொடங்கியது. தரிசாக விடும் நிலத்தில் அதற்குப் பதில் பருப்பு போட்டால் மண்ணுக்கு நைட்ரஜனும் சேரும், கைக்குக் காசும் வரும். இன்று உலகிலேயே அதிகமாக மசூர் ஏற்றுமதி செய்யும் நாடு கனடா, அதில் பெரும்பகுதி உங்கள் மாகாணத்தில் விளைவது. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ பருப்புக் கறிக்குக் கொதிக்கும் மைசூர்ப் பருப்பு இந்தத் தட்டையான வயல்களில் விளைந்ததாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

ஒன்று மட்டும் எனக்கு ஆற்றாமை. ஊருக்குப் பக்கத்தில் ஒரு அரசு நாற்றுப்பண்ணை இருந்தது. வீட்டைச் சுற்றியும் வயலோரமும் காற்றைத் தடுக்க நடுவதற்காக நூறு வருடங்களுக்கு மேலாக 60 கோடிக்கும் அதிகமான மரக்கன்றுகளை விவசாயிகளுக்குக் கொடுத்தது. 2013-ல் மத்திய அரசு அதைக் கைவிட்டது. நெடுஞ்சாலையில் போகும்போது பண்ணைவீடுகளைச் சுற்றி வரிசையாக நிற்கும் மரங்களைப் பார்த்திருப்பீர்களே, அவற்றில் பல அங்கிருந்து வந்தவைதான். மழைப்பருவம் தடுமாறும் இந்தக் காலத்தில் அப்படி ஒரு பண்ணையை மூடியது பெரிய தவறு என்றே நினைக்கிறேன்.

அடுத்த முறை வின்னிபெக் போகும்போது கொஞ்சம் முன்னதாகக் கிளம்புங்கள். கோடையாக இருந்தால் பெல் பண்ணையின் கல் லாயத்தைப் பாருங்கள், அப்படியே சிண்டலூட்டாவிலும் வண்டியை நிறுத்துங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்