சைபர் குற்ற ஆராய்ச்சி: டெல்டா நண்பர்களின் கேள்விகளும் என் பதில்களும்

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் கணினித் தடயவியல் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்ய நினைப்பவர்கள் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பணத்தைப் பறிகொடுத்தவர்களும் கேட்டிருக்கிறார்கள். அவசரமான கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

மன்னார்குடியிலிருந்து: சார், வாட்ஸ்அப்பில் "பிஎம் கிசான்" என்று வந்த ஆப்பை அப்பா இன்ஸ்டால் செய்துவிட்டார். நடவுக்காக நகையை அடகு வைத்து எடுத்த பணம் கணக்கிலிருந்து போய்விட்டது. போனை ரீசெட் செய்துவிடவா?

வேண்டாம்மா. முதலில் ஏரோபிளேன் மோடில் போடுங்கள், வைஃபை அணைந்துவிட்டதா என்றும் பாருங்கள். சிம்மைக் கழற்றி ஒரு பட்டன் போனில் போட்டுக்கொள்ளுங்கள். வேறு போனிலிருந்து உடனே சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்கு அழையுங்கள், அப்புறம் வங்கிக்கு. போன பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்குத் தாவிக்கொண்டே இருக்கும். நடுவில் எங்காவது முடக்கினால்தான் திரும்ப வர வாய்ப்பு உண்டு. விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

ரீசெட் ஏன் கூடாது? இதே மாதிரி ஒரு ஆப்பை சிம் இல்லாத சோதனை போனில் வைத்து மாணவர்களோடு பிரித்துப் பார்த்தோம். ஒவ்வொரு ஆப்பிலும் அது கேட்கும் அனுமதிகளை எழுதிவைத்த கோப்பு ஒன்று இருக்கும். இதில் இரண்டு வரி கண்ணில் பட்டது: வரும் குறுஞ்செய்தியைப் பிடிக்க ஓர் அனுமதி, ஏற்கெனவே வந்ததைப் படிக்க இன்னொன்று. 2,000 ரூபாய்த் தவணை வந்ததா என்று காட்டும் ஆப்புக்குக் குறுஞ்செய்தி எதற்கு? ஓடிபிதான் குறி. அந்த ஆப், அது இன்ஸ்டால் ஆன நேரம், அனுப்பிய எண் எல்லாம் அந்த போனில்தான் இருக்கின்றன. ரீசெட் செய்தால் உங்கள் கையாலேயே அழித்ததாகிவிடும்.

அப்பாவைத் திட்டாதீர்கள். அரசுப் பணம் வரும் சமயம் பார்த்து, அரசு முத்திரையோடு அனுப்பியிருக்கிறார்கள். படித்தவர்களும் இதில் விழுகிறார்கள்.

கும்பகோணத்திலிருந்து, வரலாறு முதுகலை மாணவி: சாட்சியமான போனிலோ கணினியிலோ நேரடியாகக் கை வைக்கக் கூடாது என்கிறார்களே, தொடாமல் எப்படி ஆராய முடியும்?

உங்கள் துறையிலேயே பதில் இருக்கிறது. பெரிய கோயில் கல்வெட்டை ஆராய யாராவது கல்லைப் பெயர்த்து எடுத்துப் போகிறார்களா? ஈரத்தாளை ஒற்றி, மை தடவி, மைப்படி எடுத்து அதை வைத்துத்தானே படிக்கிறார்கள்? நாங்களும் அப்படித்தான். வட்டிலுள்ள ஒவ்வொரு பிட்டையும் அப்படியே பிரதி எடுக்கிறோம். காலியாகத் தெரியும் இடத்தையும் விடுவதில்லை. மூலம் உறைக்குள் போய்விடும், ஆராய்ச்சியெல்லாம் பிரதியில்.

பிரதி மூலத்தைப் போலவே இருக்கிறதா என்று காட்ட ஹேஷ் உதவும். எஸ்எச்ஏ 256 என்ற கணக்கு எந்தக் கோப்பையும் 64 எழுத்து அடையாளமாகச் சுருக்கும். "நெல்" என்று மட்டும் எழுதிய கோப்புக்கு ஹேஷ் எடுத்துப் பாருங்கள். பிறகு அந்த ல் மேலிருக்கும் புள்ளியை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி எடுங்கள். முதல் அடையாளத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இருக்காது.

இதை நான் கற்றது ஒரு தவறால். ஆராய்ச்சியின் முதல் வருடம், பயிற்சிக்காகக் கொடுத்த பென்டிரைவை, அதில் கணினி எதையும் பதிந்துவிடாமல் தடுக்கும் கருவி (ரைட் பிளாக்கர்) இல்லாமல் விண்டோஸ் கணினியில் செருகிவிட்டேன். நான் எதையும் திறக்கவில்லை. விண்டோஸ் தானாகவே அதில் ஒரு ஃபோல்டரை உருவாக்கி வைத்துவிட்டது. ஹேஷ் மாறிப்போனது. அந்தப் பென்டிரைவில் செய்த வேலை முழுவதையும் ஒதுக்க வேண்டி வந்தது. இன்றும் எந்த வகுப்பையும் அதைச் சொல்லித்தான் தொடங்குகிறேன்.

மயிலாடுதுறையிலிருந்து, இளம் வழக்கறிஞர்: மின்னணுச் சாட்சியத்துக்குப் பழைய சாட்சியச் சட்டம் கேட்ட 65பி சான்றிதழ் இன்னும் செல்லுமா?

அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டம் நடப்பில் இருக்கிறது. அதில் 63-ஆம் பிரிவைப் பாருங்கள். சான்றிதழ் படிவமே அட்டவணையில் தரப்பட்டிருக்கிறது: ஒரு பகுதி சாட்சியத்தைத் தருபவருக்கு, மறு பகுதி நிபுணருக்கு. ஹேஷ் மதிப்பையும் எழுத வேண்டும். எம்டி5, எஸ்எச்ஏ 1, எஸ்எச்ஏ 256 என்று ஹேஷ் எடுக்கும் முறைகளில் படிவத்திலேயே தேர்வு உண்டு. எஸ்எச்ஏ 256-ஐயே எடுங்கள். வெவ்வேறு கோப்புக்கு ஒரே எம்டி5 வரவைக்கலாம் என்று 2004-லேயே காட்டிவிட்டார்கள். எஸ்எச்ஏ 1-உம் அதே மாதிரி 2017-ல் உடைந்தது.

பட்டுக்கோட்டையிலிருந்து, மொபைல் கடை வைத்திருப்பவர்: அழிந்த போட்டோவை எல்லாம் மீட்க முடியும் என்கிறார்களே?

மெமரி கார்டில் அழித்தது, அதன் மேல் வேறெதுவும் பதிவாகாமல் இருந்தால் பெரும்பாலும் முடியும். புதிய போன்களின் உள் நினைவகத்தில் தகவல் பூட்டிய நிலையில்தான் இருக்கும், அழித்த இடத்தையும் போனே துடைத்துவிடும். அங்கே நம்பிக்கை கொடுத்துக் காசு வாங்காதீர்கள் அண்ணே.

திருவாரூரிலிருந்து, சமூகவியல் மாணவர்: கோடிங் தெரியாது. இதில் முனைவர் பட்டம் செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம் தம்பி. 1986-ல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் கணினிக் கணக்கில் 75 சென்ட் உதைத்தது. அந்தச் சில்லறையை விடாமல் துரத்தி, ஜெர்மனியில் இருந்த ஊடுருவியைக் கண்டுபிடித்த கிளிஃபர்ட் ஸ்டோல் வானியல் படித்தவர்.

உங்களுக்குக் கைகொடுக்கும் கோட்பாடு, சமூகவியலாளர்கள் கோஹனும் ஃபெல்சனும் 1979-ல் சொன்னது. குற்றம் செய்யத் துணிந்தவன், தோதான இலக்கு, காவல் இல்லாத நிலை, மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சேர்ந்தால் குற்றம் நடக்கும் என்பது அது. நம் ஊரில் வைத்துப் பாருங்கள். முன்பு பணம் எடுக்க வங்கிக்குப் போனால், "பெரியவரே, இவ்வளவு பணம் யாருக்கு?" என்று காசாளர் ஒரு வார்த்தை கேட்பார். அதுவும் ஒரு காவல். இப்போது ராத்திரி பதினோரு மணிக்கு களத்துமேட்டில் உட்கார்ந்தே பணம் அனுப்பலாம், கேட்க ஆள் இல்லை. அந்த இடத்துக்கு யார் வர முடியும்? மகளிர் சுயஉதவிக் குழுவா, கூட்டுறவுச் சங்கச் செயலாளரா? இது கோடிங்கால் தீரும் கேள்வி இல்லை. ஊர் ஊராகப் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஏமாந்தவர்கள் வெட்கத்தில் வாய் திறக்க மாட்டார்கள், பொறுமை வேண்டும். நெறிமுறைக் குழு அனுமதி வாங்குங்கள். பேசியவரின் பெயரும் ஊரும் ஆய்வேட்டில் வரவே கூடாது.

எனக்குச் சொல்லத் தோன்றுவது இதுதான்: பொதுவில் கிடைக்கும் ஒரே தரவுத் தொகுப்பை எடுத்து, இன்னொருவர் மோசடி ஆப்களில் 98 சதவீதம் கண்டுபிடித்ததை 99 ஆக்கும் ஆய்வேடுகள் போதும். மன்னார்குடிக்காரரின் போனுக்கு வந்ததை ஆராய ஆள் இல்லை.

திருச்சியிலிருந்து, பொறியியல் மாணவர்: எங்கள் கல்லூரி இணையதளத்தில் ஓட்டை தேடி புராஜெக்ட் செய்யலாமா?

எழுத்தில் அனுமதி இல்லாமல் தொடாதே தம்பி. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66 பிரிவுகளில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. உன் கணினிக்குள்ளேயே மென்பொருளால் இன்னொரு கணினி (மெய்நிகர் இயந்திரம்) அமைத்து அதை உடைத்துப் பார். ஏதாவது ஓட்டை தற்செயலாகக் கண்ணில் பட்டால் இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவி.

நாகப்பட்டினத்திலிருந்து: வாட்ஸ்அப் தரவுத்தளத்தைத் திறந்தேன். நேரம் இருக்க வேண்டிய இடத்தில் 1718000000000 என்று இருக்கிறது. மாற்றிப் பார்த்தால் காலை 6.13. செய்தி வந்தது பகல் பன்னிரண்டை நெருங்கி. தரவு கெட்டுவிட்டதா?

கெடவில்லை. 1970 ஜனவரி 1 முதல் ஓடும் மில்லி விநாடிக் கணக்கு அது. நீங்கள் எடுத்தது உலகப் பொது நேரம். இந்திய நேரம் வர 5.30 மணி கூட்டுங்கள்: 2024 ஜூன் 10, பகல் 11.43. அறிக்கையில் எந்த நேர மண்டலம் என்று எழுதிவிடுங்கள், குறுக்கு விசாரணையில் முதலில் அங்கேதான் கை வைப்பார்கள்.

மன்னார்குடியிலிருந்து, மறுபடியும்: 1930-ல் புகார் பதிவாகிவிட்டது சார், எண்ணும் கொடுத்தார்கள். போன் ஏரோபிளேன் மோடில்தான் இருக்கிறது. சார்ஜ் இறங்கிக்கொண்டே வருகிறது, என்ன செய்ய?

நல்ல காரியம் செய்தீர்கள். சார்ஜ் போடுங்கள், ஆனால் சுவர் ப்ளக்கில் மட்டும். கம்ப்யூட்டரில் செருக வேண்டாம். புகார் எண்ணை ஒரு தாளில் எழுதி, அப்பாவின் பாஸ்புக்கோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். காவல் நிலையத்துக்குப் போகும்போது போனையும் கையோடு கொண்டுபோங்கள்.