7 பவுண்டுக்குள் கயோட்டி ரைஃபிள்: .22-250 வேண்டுமா?

அமெரிக்காவின் வயோமிங்கில் நடந்தே கயோட்டி (நரி போன்ற காட்டு விலங்கு) வேட்டைக்குப் போக, ஸ்கோப்போடு சேர்த்து 7 பவுண்டுக்குள் ஒரு ரைஃபிள் கட்டவேண்டும், .22-250 என்ற தோட்டா வகை சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். கயோட்டிக்கு மட்டும் என்றால் தாராளமாக. ஆனால் கோடையில் பிரெய்ரி நாய்களையும் (புல்வெளியில் வளை தோண்டி வாழும் அணில் இனம்) சுடுவேன் என்று கடைசி வரியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. அதில் அடுத்தடுத்துச் சுட்டுக்கொண்டே இருப்போம்; .22-250 எரிக்கும் வெடிமருந்துக்கு மெல்லிய குழல் சீக்கிரமே கொதித்துவிடும். சூடேறினால் குண்டு இடம் மாறி விழும், குழலின் தொண்டையும் (குண்டு குழலுக்குள் நுழையும் இடம்) வேகமாகத் தேயும்.

என் ஓட்டு .223 ரெமிங்டன் தோட்டாவுக்கு. வெடிமருந்தும் உதைப்பும் குறைவு, எடை குறைந்த துப்பாக்கியிலும் குண்டு விழுவதை ஸ்கோப்பிலேயே பார்க்கலாம். 22 அங்குலக் குழல் போதும். குண்டைச் சுழலவைக்கும் குழலின் உள்பள்ள முறுக்கு 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று கேட்டு வாங்குங்கள். பழைய 12 அங்குல முறுக்கில் குண்டின் எடை 55 கிரெய்னுக்கு (குண்டு எடையின் அளவு) மேல் போனால் தகராறு. 8 அங்குல முறுக்கில் 75 கிரெய்ன்கூட நிலையாகப் பறக்கும். வயோமிங் காற்றுக்கு அது உதவும்.

எடையைக் குறைக்க எல்லாரும் ஸ்டாக்கில்தான் (தோளில் வைத்துப் பிடிக்கும் கட்டை) காசைக் கொட்டுகிறார்கள். முதலில் ஸ்கோப்பைத் தராசில் வையுங்கள். 30 அவுன்ஸ் ஸ்கோப்பை விட்டு 15 அவுன்ஸில் ஒன்று எடுத்தால் கிட்டத்தட்ட ஒரு பவுண்டு சும்மாவே மிச்சம். அப்புறம், குழல் பொருத்தும் வேலையை கன்ஸ்மித்திடமே (துப்பாக்கி வேலை செய்பவர்) விடுங்கள். ஹெட்ஸ்பேஸ் (அறைக்குள் தோட்டா உட்காரும் இடைவெளி அளவு) விளையாட்டு விஷயம் இல்லை.