கடாவின் தரப்பு

கேள்வி: தத்தெடுத்து வளர்த்த பிள்ளைகளே பெற்றோரைக் கொன்ற செய்திகளைப் படிக்கிறேன். வளர்த்த கடா மார்பில் பாய்வது இதுதானோ? நம் செட்டிநாட்டுப் பக்கம் இன்னும் பிள்ளை கூட்டுகிறார்களே (தத்தெடுக்கிறார்களே), பயமாக இல்லையா? (வாசகர், தேவகோட்டை)

பதில்: முதலில் கடாவைப் பேசிவிடுவோம். இத்தனை வருஷமாக இந்தப் பழமொழியைக் கேட்கிறேன், ஒருவராவது கடாவை விசாரித்ததில்லை. எதற்கு வளர்த்தோம்? கருப்பருக்கு நேர்ந்துவிட்டு. அகத்திக்கீரையை ஒடித்துப் போட்டு, முதுகைத் தடவிப் பார்த்து, ‘பதினாலு கிலோ தேறும்’ என்று அதன் காதுபடவே சொல்கிறோம். வெட்டும் நாளில் தலையில் தண்ணீர் தெளித்துச் சம்மதம் வேறு கேட்கிறோம். ஈரம் பட்டால் ஆடு சிலிர்க்காமல் சிரிக்கவா செய்யும்? அதையே ஒப்புதல் என்று எடுத்துக்கொள்கிறோம். எங்கள் ஊரில் ஒரு கடா அந்த நேரம் பார்த்து பூசாரியை முட்டித் தள்ளிவிட்டு, மாலையோடு கண்மாய்க்கரை ஏறி ஓடியது. அது துரோகமா? தற்காப்பு ஐயா, தற்காப்பு!

சரி, கொலைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் உங்கள் கேள்விக்குள் ‘தத்து’ எப்படி வந்தது? பேப்பர்க்காரர்கள் போட்ட தலைப்பு வழியாக. பெற்ற பிள்ளை வெட்டினால் ‘தந்தையைக் கொன்ற மகன் கைது’. எடுத்து வளர்த்த பிள்ளை என்றால் ‘வளர்ப்பு மகன் வெறிச்செயல்’. இதற்காக ஒரு செய்தி ஆசிரியரோடு சண்டை போட்டேன். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வரவில்லை. வெள்ளைப் பணியாரம் போனதில்தான் வருத்தம்.

மகத மன்னன் பிம்பிசாரனைச் சிறையில் சாகவிட்ட அஜாதசத்ரு பெற்ற பிள்ளை. ஷாஜகானை ஆக்ரா கோட்டையில் எட்டு வருஷம் அடைத்துவைத்த ஔரங்கசீப்பும் அப்படியே. கிரேக்கக் கதையில் ஈடிபஸ் தத்துப்பிள்ளை. ‘தகப்பனைக் கொல்வாய்’ என்று குறி சொன்னதும், வளர்த்தவருக்கு ஆபத்து வேண்டாம் என்று ஊரைவிட்டே போனான். வழியில் யாரோ எவரோ என்று அடித்துக் கொன்றது, பச்சைப்பிள்ளையின் காலைக் குத்தி மலையில் போடச் சொன்ன பெற்ற அப்பனை.

நம் பக்கம் தத்துச் சடங்கில் மஞ்சள் நீர் குடித்து வந்த பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளைதான். வளர்த்தவர்களை அப்பச்சி, ஆத்தா (அப்பா, அம்மா) என்றுதான் கூப்பிடும். கண்ணதாசனே 7000 ரூபாய்க்குச் சுவீகாரம் போனவர் என்பார்கள். அப்படிப் பணம் கைமாறுவதை 1956 இந்து தத்தெடுப்புச் சட்டம் தடுத்துவிட்டது. முறைப்படி எடுத்த தத்தை ரத்து செய்யவும் அதில் வழியில்லை. அதே வருஷத்து வாரிசுரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, கொன்றவனுக்குச் செத்தவர் சொத்தில் சல்லிக்காசு இல்லை என்கிறது. அவன் பெற்ற பிள்ளையா, கூட்டி வந்த பிள்ளையா என்று கேட்பதில்லை.

பயம்தான் வேண்டுமென்றால் பழைய வீட்டுச் சாமான்கள் விற்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு ஒரு நடை போய்வாருங்கள். பர்மாவில் சம்பாதித்து இழைத்த தேக்கு நிலைகள் மழைத்தாளைப் போர்த்திக்கொண்டு சுவரோரம் சாய்ந்து கிடக்கும். போன மாதம் ஒரு கதவைத் தடவிப் பார்த்தேன். மஞ்சள் குங்குமம்கூட அழியவில்லை. “யாரப்பா இதைக் கழற்றி வித்தது?” என்றேன் கடைக்காரரிடம்.

“பெத்த புள்ளைகதான் அண்ணே. கூட்டியாந்த புள்ளை கையெழுத்துப் போட மாட்டேங்குறாரு, பாதி வீடு இன்னும் நிக்குது. தூணு ஒண்ணு இருக்கு, எடுத்துக்கிறீகளா?”